இருபத்துமூன்றாம் எண்

மதியம் இரண்டரைக்கே வகுப்பறையில் விளக்குப் போட வேண்டியிருந்தது. கல்வராயன் மலையில் மழை பிடித்திருந்தது. எங்கள் கல்லூரி அடிவாரத்தில் இருப்பதால், மேலே பெய்தால் இங்கே முதலில் இருட்டும், பிறகுதான் நனையும். குடையை மூலையில் சாய்த்துவிட்டு வருகைப் பதிவேட்டைப் பிரித்தேன். கரண்ட் போய்விட்டது.

நான் ஷர்புன்னிசா. ஆங்கில இலக்கியம் நடத்துகிறேன். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் அத்தாவுக்கு ஜவுளிக்கடை. துணி அளக்கிற வீட்டில் பிறந்ததாலோ என்னவோ, கவிதையையும் மார்க்கால் அளந்தே பழகிவிட்டேன்.

எங்கள் பிள்ளைகள் கவிதை வரிகளுக்கு நடுவே பென்சிலால் தமிழில் அர்த்தம் எழுதிக்கொள்வார்கள். தேர்வு நெருங்கியதும் அதையெல்லாம் ரப்பரால் அழிக்கச் சொல்லி, கைடில் இருக்கும் விளக்கத்தைப் பேனாவால் எழுதவைப்பேன். சொந்தமாக எழுதினால் பெயிலாகிவிடுவார்கள் என்று எனக்குப் பயம்.

இந்தப் பருவத்தில் ஒரு கவிதை. ஆற்றங்கரையில் நின்று ஒரு தாய் மகளைக் கூப்பிடுகிறாள். மூன்று முறை கூப்பிடுகிறாள். பதில் இல்லை. கவிதை அதோடு முடிந்துவிடும். பிள்ளை விளையாட்டில் மெய்மறந்திருக்கிறது, குழந்தைப் பருவத்தின் ஆனந்தம் அது என்கிறது கைடு.

கடைசி பெஞ்சிலிருந்து செவ்வந்தி எழுந்தாள். மலையில், ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரி. தினமும் ஓடையைக் கடந்து நடந்து வந்து பஸ் பிடிப்பவள்.

“அப்படி இல்லீங்க மேம். பாப்பா பதில் சொல்லிக்கினுதான் இருக்கு. அம்மாவுக்குத்தான் கேக்கல.”

“ஏம்மா கேக்கல?”

“அது செத்துப்போச்சுங்க மேம். அதுக்கே இன்னும் தெரியல.”

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

“இன்னாம்மா, கைடுல இல்லாததெல்லாம் உனக்கு மட்டும் எங்கேருந்து வருது? அழிச்சிட்டு ஒழுங்கா எழுதி நாளைக்குக் காட்டு. இல்லன்னா இன்டர்னல் மார்க் கெடையாது.”

மறுநாள் மலையில் பேய்மழை. அந்த மழையில் யாரும் ஓடையில் இறங்க மாட்டார்கள். மார்க்குக்குப் பயந்தவள் இறங்கினாள்; கரையேறவில்லை.

அவள் அம்மா சின்னப்பொண்ணு பொழுது சாயும்வரை கரையில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். சில நாள் கழித்து மகளின் பாடப்புத்தகத்தை என்னிடம் கொண்டுவந்தவளும் அவள்தான். பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்ததால் அது நனையவில்லை.

“ராவெல்லாம் குந்திக்கினு எழுதுச்சுங்க டீச்சர். நீங்க பாத்து கையெழுத்துப் போடணும்னு சொல்லிக்கினு இருந்துச்சு.”

கைடில் இருந்ததை அப்படியே பேனாவால் எழுதியிருந்தாள். அடியில் பென்சிலை அழித்த தடம் தெரிந்தது. யா அல்லாஹ், அதில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவேன்?

பதிவேட்டில் அவளுடைய இருபத்துமூன்றாம் எண்ணின் மேல் சிவப்புக் கோடு இழுத்தேன். அதற்குப் பிறகு பதினெட்டு வகுப்புகள். இருபத்திரண்டைக் கூப்பிட்டதும் இருபத்துநான்குக்குத் தாவிவிடுவேன். அந்த வரிசைப் பக்கம் கண்ணை ஓட்டுவதே இல்லை.

இன்றும் இருட்டில் எண்களைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டு. “எஸ் மேம்.”

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. ஓடைச் சேறும் நனைந்த இலையும் கலந்த வாசம்.

கடைசி பெஞ்சில் யாரோ பென்சில் சீவும் சத்தம்.

கடைசி பெஞ்சில் இப்போது யாரும் உட்காருவதில்லை.

முன்பு செவ்வந்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனுஷா, இப்போது அதற்கு முந்தின பெஞ்சில் இருந்தாள். திரும்பிப் பார்க்காமல் மெல்லச் சொன்னாள்: “அவ பேரக் கூப்புடுங்க மேம். தெனமும் தாண்டிப் போறீங்க.”

“ஏம்மா?”

“நீங்க தாண்டுறப்பல்லாம் எனக்குப் பின்னால யாரோ எழுந்து நிக்கிறாங்க மேம்.”

யாரும் சிரிக்கவில்லை.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். என் நிலைமை அதுதான். ஆனாலும் சொன்னேன். “பிள்ளைங்களா, அந்தக் கவிதைக்கு செவ்வந்தி சொன்ன அர்த்தம்தான் சரி. நான்தான் தப்பு.”

“செவ்வந்தி.”

பதில் இல்லை.

“செவ்வந்தி…”

பென்சில் சத்தம் நின்றது.

செல்போன் வெளிச்சத்தைப் பதிவேட்டில் அடித்தேன். வந்தவர்களுக்கு நான் பேனாவால் ஒரு சாய்கோடு போடுவேன். இருபத்துமூன்றாம் வரிசையில், சிவப்புக் கோட்டுக்கு அப்பால், பதினெட்டுக் கட்டங்களிலும் சாய்கோடு இருந்தது.

எல்லாம் பென்சிலால்.

தினமும் வந்திருக்கிறாள். தினமும் பதில் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் கேட்கவில்லை.

இன்றைய கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மூன்றாவது முறை, பிள்ளையைத் தேடும் தாய் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன். மழைச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

குனிந்து பார்த்தேன்.

கட்டத்தில் சாய்கோடு இருந்தது. விரலால் தொட்டேன். அந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.