தூசுத் திருத்தம்

காலையில் எழுந்ததும் உப்பளம் நான்காவது தெருவில் எல்லோரும் முதலில் பார்ப்பது தெருமுனைப் பலகையைத்தான். அறுபது வீட்டுச் சுவர்களில் பதித்திருக்கும் காற்றுக்கண்கள் அனுப்பும் நச்சளவுகளின் சராசரி அதில் ஒளிரும். பச்சை என்றால் ஜன்னலைத் திறக்கலாம், பக்கத்து வீட்டு வம்பும் பேசலாம். சிவப்பு என்றால் நச்சுக்காற்று. அப்போது மட்டும், வடிகட்டிய காற்றுள்ள தெருக்கோடிக் காப்பறை தானாகத் திறக்கும், எல்லோரும் உள்ளே ஓட வேண்டும். ஒன்பது வருடமாக யாரும் ஓடவில்லை. அவ்வளவு நல்ல தெரு என்று பெயர்.

அன்று பதினோரு மணிக்கும் பச்சைதான். ஆனால் தில்லைநாயகியின் ஐந்து வயது மகள் இசைமதிக்கு மூச்சு இழுத்து உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு காப்பறைக்கு ஓடினாள். கதவு அசையவில்லை.

கூட்டம் சேர்ந்தது. சங்கத் தலைவர் ருக்மாங்கதன் பலகையைக் காட்டி, கோளாறு குழந்தையின் நுரையீரலில்தான் இருக்க வேண்டும் என்று இருமலுக்கு நடுவே தீர்ப்புச் சொன்னார். மற்றவர்களும் இருமிக்கொண்டே ஆமோதித்தார்கள்.

தில்லைநாயகி தன் கைபேசியை எடுத்தாள். காற்றுக்கண்ணில் படியும் தூசைக் கழித்துக்கொள்ள, கைபேசியில் 'தூசுத் திருத்தம்' என்று ஒரு வசதி உண்டு. சிவப்புத் தெருவுக்குக் குடித்தனக்காரர் வரமாட்டார்களே என்று, போன வருடம் அதைக் கொண்டு தன் வீட்டு அளவைக் குறைத்து வைத்திருந்தாள். அறுபதில் ஒன்றுதானே, மற்றவர்கள் ஒழுங்காக வைத்திருப்பார்கள் என்ற தைரியம். இப்போது அதைச் சரிசெய்தாள். பலகை இம்மியும் நகரவில்லை.

"நான் குறைச்சு வெச்சிருந்தேண்ணே. இப்ப சரி பண்ணிட்டேன். நீங்களும் பண்ணுங்க. பாப்பாவுக்கு மூச்சு நிக்குது."

எதிர்வீட்டு எஸ்தர் குனிந்த தலையோடு கைபேசியை எடுத்தாள். அடுத்து ஒருவர், இன்னொருவர். கடைசியாகத் தலைவர், முதுகைக் காட்டி நின்றபடி. பலகை மஞ்சளாகி, ரத்தச் சிவப்பானது. கதவு திறந்தது.

உள்ளே வடிகட்டிய காற்று வீசியது. இசைமதியின் உதட்டில் லேசாக நிறம் திரும்பியது.

அப்போதுதான் யாரோ முணுமுணுத்தார்கள், சிவப்புத் தெருக்களின் பட்டியலில் நம் தெருப் பெயர் ஊர் முழுக்க ஓடுகிறதாம் என்று. கைபேசி தேடிக் கைகள் பைகளுக்குள் போயின.

தில்லைநாயகி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "யாரும் தொடாதீங்க. கொஞ்ச நேரம்."

"அக்கா, இங்க யாரு தொட்டா?" என்று எஸ்தர் கோபித்துக்கொண்டாள்.

காற்று நின்றது. கதவு அகலத் திறந்துகொள்ள, ஒரு குரல் மிக மரியாதையாக அறிவித்தது: "வெளிக்காற்று தூய்மையாகிவிட்டது. அனைவரும் வீடு திரும்பலாம்."