காணாமல் போன ஆறு கூண்டு அட்டைகள்

திங்கள், காலை 7.50. ஓர்ஹூஸ் நகரின் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆறு கூண்டு அட்டைகளைக் காணவில்லை. எலியின் வயது, ஆணா பெண்ணா, வம்சம் எல்லாம் எழுதிய அட்டைகள். வசந்தத்தில் பேராசிரியர் எஸ்கில் நடத்திய பரிசோதனைக்குரியவை. அந்த எலிகளும் இப்போது உயிரோடு இல்லை.

பெண் எலிக்கு ஆண் எலியின் தோலை ஒட்டினால், ஒரே வம்சமானாலும் அதன் உடம்பு அந்நியமென்று தள்ளிவிடும். தள்ளாமல் ஏற்கவைக்க மருந்து கண்டதாக எஸ்கில் கட்டுரை எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். ஆய்வு மாணவி ஸிக்னே அதையே திரும்பச் செய்தாள். ஆறு ஒட்டுகளும் கறுத்து உதிர்ந்தன. அவளுக்குக் கவனமில்லை என்று பட்டம் கட்டினார்கள். அட்டைகளை எடுத்ததும் அவள்தானாம். வெள்ளிக்கிழமையோடு வேலை போய்விடும்.

எலிகளைப் பார்க்கும் மருத்துவர் கெர்தாவுக்கு இது பொறுக்கவில்லை. 9.15க்குக் கூண்டு கழுவும் பல்லேயைப் பிடித்தார்.

"வசந்தத்துல எஸ்கில் எலிங்களுக்கு எத்தனை தண்ணிப் புட்டி கழுவினே?"

"ஆறு."

"ஸிக்னேயோடதுக்கு?"

"ரெண்டு. கூண்டுக்கு ஒரு புட்டிதானே. அதுங்க மூணு மூணா ஒண்ணாக் கிடக்குதுங்க."

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"கழுவுறவன்கிட்ட யாரு கேக்கறா?"

11.00. இயக்குநர் இங்கரின் அறை. எஸ்கிலும் இருந்தார்.

"அட்டையை எடுத்தது நீங்கதான், எஸ்கில்," என்றார் கெர்தா. "பெண் எலிங்களை இங்க சேர்த்துத்தான் வைப்போம். தனித்தனியா வைக்கிறது கடிச்சுக்கிற ஆண் எலிங்களைத்தான். உங்க ஆறு எலிக்கும் பல்லே கழுவினது ஆறு புட்டி, அதாவது ஆறு கூண்டு. உங்க ஆறும் ஆண். தன்னைத் தாக்குற செல்லை உடம்பு நெஞ்சுல இருக்கிற தைமஸ் சுரப்பியிலயே கொன்னுடும், தப்பினதைக் காவல் செல் அடக்கிடும். ஆண் எலிக்கு ஆண் தோல் சொந்தத் தோல். உங்க மருந்து ஒண்ணும் கிழிக்கலை."

எஸ்கில் கண்ணாடியைத் துடைத்தார். "எலி அனுப்புறவங்க தப்பா ஆண் எலியை அனுப்பிட்டாங்க. கட்டுரை வந்தப்புறம்தான் அட்டையைப் பார்த்தேன்."

"அதுக்கு அந்தப் பொண்ணைப் பலி குடுப்பீங்களா?"

இங்கர் கதவைச் சாத்தினார். "இது நமக்குள்ள இருக்கட்டும், கெர்தா. எஸ்கில் இருபது வருஷமா நம்மாளு. ஸிக்னே வந்து எட்டு மாசம்தானே."

வெள்ளிக்கிழமை காலையில் ஆளுக்கொரு வாரம் எல்லோருக்கும் ரொட்டி வாங்கி வருவது அங்கே வழக்கம்; அந்த வாரம் எஸ்கிலின் முறை. எல்லோரும் வெண்ணெய் தடவிச் சாப்பிட்டார்கள். ஸிக்னே தன் வேலை மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். கெர்தா மட்டும் பக்கத்தில் போய் நின்றார்.

"அவர் கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கு நடந்ததை எழுதிட்டேன். பதில் வர மாசக்கணக்காகும். நீ தப்பு பண்ணலைன்னு எனக்குத் தெரியும்மா."

"தெரியும், கெர்தா," என்றாள் ஸிக்னே. "அவங்களுக்கும் தெரியும்."