முதல் சொட்டு நிழலுக்கு

முதல் சொட்டை நிழலுக்கு விட்ட பிறகுதான் மனிதன் தன் நாக்கில் விடவேண்டும். கடலில் நிற்கும் காற்றாலை மேடையில் அதுதான் வழக்கம். மீறுகிறவனைப் பக்கத்தில் உட்காரவிட மாட்டார்கள்.

இஸ்தாக்கி தன் நிழற்கூட்டை மடியில் வைத்து மூடியைத் திறந்தான். வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு கண்ணாடிக் கூடு. உள்ளே இளஞ்சிவப்பு நீரில் அரிசிமணி போல ஓர் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உளுந்து அளவு ஈரல், கடுகு போல இரண்டு சிறுநீரகங்கள், நூல் நுனியில் ஒரு துளி மூளை. எல்லாம் அவன் இரத்தத்திலிருந்து வளர்த்தவை. அவன் உடம்பில் ஒரு நாளில் நடப்பது அவற்றில் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் நடந்துவிடும்.

முதலில் இது மருத்துவமனைகளில் இருந்தது. மருந்தை நிழலுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு நோயாளிக்குக் கொடுத்தார்கள். பிறகு வீடுகளுக்கு வந்தது. கல்யாணப் பந்தியில் இறாலை நிழலிடம் கேட்டுவிட்டு இலையில் கை வைத்தார்கள். கடைசியில் மிதவை என்கிற போதைச் சொட்டை விற்கிறவர்களுக்கு அது வரமாகப் போனது. "என்ன நம்பாத. ஒன் நெழலக் கேளு" என்றார்கள். பொருள் திருட்டுப் பொருள்தான். எதில் எதைக் கலந்தார்கள் என்று கடலுக்கே தெரியாது. ஆனால் நிழல் பொய் சொல்லாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

"ஒம்ம நெழலு ஒம்மள விட அழகா இருக்கு மச்சான்" என்றான் ரெமி. இஸ்தாக்கியின் மனைவிக்கு அண்ணன். இருவரும் ஒரே படகில் இந்தக் காற்றாலை மேடைக்கு வேலைக்கு வந்தவர்கள். அப்போது மீசை கறுப்பு.

"இருக்காதா பின்ன? அதுக்குப் பொண்டாட்டி கெடையாதுல்லா."

"எந்தங்கச்சியயா சொல்லுதீரு? கரைக்குப் போனதும் சொல்லிக் குடுக்கேன், இரும்."

நீலச் சொட்டுகள் இரண்டு கூடுகளிலும் விழுந்தன. அரிசிமணி இதயங்கள் கொஞ்சம் விரைந்தன, பிறகு அமைதியாயின. ஆபத்தில்லை என்று கூடுகளின் விளக்குகள் பச்சையாக எரிந்தன. சோதனை முடிந்ததும் கூடு தன்னைக் கழுவிக்கொண்டது. உழைத்த செல்களை வெளியே தள்ளிவிட்டு, சேமித்து வைத்திருந்த விதையிலிருந்து புதியவற்றை நிரப்பியது. அடுத்த சொட்டுக்கு நிழல் மறுபடியும் கன்னிதான். அந்த வசதியை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

இருவரும் நாக்கை நீட்டினார்கள்.

மிதவை வரும்போது சத்தம்தான் முதலில் போகும். மன்னார் வளைகுடாவில் நூறு காற்றாடிகள் சுற்றுகிற இரைச்சல் மெல்லத் தணிந்து, தூரத்தில் யாரோ கோதுமை புடைப்பது போல ஆகும். பிறகு எடை போகும். கிரேன் பிடித்துக் காய்த்த கைகள் யாருடையவோ போல மடியில் கிடக்கும். கடல் எழுந்து வந்து பக்கத்தில் அமரும், நாற்காலி கேட்காமல். வெயிலில் உப்பு மணக்கும், அந்த மணத்துக்கு நிறம் இருக்கும். இஸ்தாக்கி ஒரு காற்றாடி இறக்கையின் நுனியில் படுத்திருந்தான். அது அவனை மேகம் வரை தூக்கிச் சென்று தண்ணீர் வரை இறக்கியது. மறுபடி மேகம். மறுபடி தண்ணீர். பக்கத்து இறக்கையில் ரெமி போய்க்கொண்டிருந்தான். ஒவ்வொரு சுற்றிலும் கை ஆட்டினான். ஒரு சுற்றில் அவன் இறக்கை மேலே போனது, கீழே வரவில்லை. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

கண் விழித்தபோது மாலை வெயில் சாய்ந்திருந்தது. கால்கள் வழக்கம் போல வீங்கி, கழற்றிய பூட்ஸுக்குள் நுழைய மறுத்தன. ரெமி கம்பியில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்திரி வே. சங்கு ஊதப் போறான்."

ரெமி எழவில்லை. உதடு மிதவையை விட நீலமாக இருந்தது. மடியில் அவன் நிழல் பச்சையாக எரிந்து, ஒழுங்காகத் துடித்துக்கொண்டிருந்தது.

உடலைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அறுத்துப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. இதயம் தண்ணீரில் ஊறிய பன் மாதிரி இருந்தது என்றார். ஈரல் கல். இது ஒருநாள் வேலை இல்லை, வருஷக்கணக்கில் நடந்தது என்றார்.

இஸ்தாக்கி நம்பவில்லை. "நெழலுக்கு ஒண்ணும் ஆகலயே டாக்டர்? கூடுதான் பழுது."

அவன் மனைவி பிலோமி அழுது முடித்த மறுநாள், அண்ணனின் கூட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். "பழுதுன்னா அந்தக் கடக்காரிய நான் சும்மா விட மாட்டேன். நீங்களும் வாங்க. ஒங்க கூட்டையும் எடுங்க."

தூத்துக்குடியில் நிழல் வளர்க்கும் கடையை ஷம்சாத் என்பவள் நடத்தினாள். ரெமியின் கூட்டை விளக்கின் கீழே வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

"இதுல ஒரு பழுதும் இல்லக்கா. நல்லா இருக்கு."

"நல்லா இருந்தா எங்கண்ணன் எப்படிச் செத்தான்?"

"எப்ப வெதச்சது இது?"

"மேடைக்கு வேலைக்குச் சேந்தப்ப" என்றான் இஸ்தாக்கி. "எனக்கும் அப்பதான்."

"அதுக்கப்புறம் மறுவெதப்பு?"

இஸ்தாக்கி தரையைப் பார்த்தான். ஆண்டுக்கு ஒருமுறை புது இரத்தம் கொடுத்து நிழலை மறுபடி விதைக்கவேண்டும். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கொடுக்கிற இரத்தம் அரசாங்கச் சோதனைக்குப் போகும். மிதவை இருந்தால் பிடிபடும், வேலை போகும், ஜெயிலும் உண்டு. அதனால் குடிக்கிற ஒருவனும் மறுவிதைப்புக்குப் போனதில்லை. குடிக்காதவர்கள் போனார்கள். அவர்களுக்கு அது தேவையே இல்லை.

ஷம்சாத் பெருமூச்சு விட்டாள். "அண்ணே, இந்தக் கூடு பொய் சொல்லல. இந்தச் சொட்டு வேலைக்குச் சேந்த அந்த வயசுப் பையன ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிச்சு. செய்யாதுதான். அது தெனமும் கழுவிக்கிட்டு அந்தப் பையனாவே இருக்கு. நீங்க கழுவிக்கிட்டீங்களா?"

பிலோமி கணவனின் கையைப் பிடித்து மேசைமேல் வைத்தாள். "எடும்மா ரத்தத்த."

"சோதனைக்கு அனுப்பணுமே அக்கா."

"எங்கண்ணன அனுப்பியாச்சு. அது போதும். இங்கயே வெத."

ஷம்சாத் எழுந்து கடைக் கதவைச் சாத்தினாள். பிறகு ஊசியை எடுத்தாள்.

புது நிழல் வளர்ந்து கைக்கு வந்த நாளில் இஸ்தாக்கி வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து அதைப் பார்த்தான். இதயம் பழைய அரிசிமணி அல்ல, ஊறிய அவல். துடித்தது, நின்று யோசித்தது, துடித்தது. சொட்டு விடாமலே விளக்கு மஞ்சளாக எரிந்தது.

சட்டைப்பையில் ஒரு மிதவைக் குப்பி இருந்தது. ஒரு சொட்டு விட்டான்.

நீலம் இளஞ்சிவப்பில் புகையாக விரிந்தது. பார்க்க அழகாக இருந்தது. இதயம் ஓடியது, தடுக்கியது, மறுபடி ஓடியது. ஈரலின் ஓரம் கறுத்தது. வெயில், காக்கைச் சத்தம், தெருவில் போகும் பேருந்து எல்லாம் விலகிப் போயின. ஒரு கண்ணாடிக்குள் தானே படுத்திருப்பதைத் தானே மேலேயிருந்து பார்க்கிற கனவு போல இருந்தது. அவன் குடிக்கவில்லை, ஆனாலும் எடை போயிற்று. விளக்கு சிவந்தது. இதயம் நின்றது. இந்த முறை யோசித்துவிட்டுத் துடிக்கவில்லை.

கூடு தன்னைக் கழுவிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடி மஞ்சள்.

பிலோமி பின்னால் வந்து நின்றிருந்தாள். "பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன்."

"அது கழுவிக்கிடும். நீங்க?"

குப்பியை அவளிடம் கொடுத்தான். அதன் பிறகு பல நாள் எலும்புக்குள் எறும்பு ஊர்ந்தது. உடல் வியர்த்துக் குளிர்ந்தது, வாந்தி எடுத்தது, எல்லோரையும் திட்டினான். தூக்கம் வந்தபோது கனவு வரவில்லை. தொடாமல் இருந்தால் இதயம் கொஞ்சம் திரும்பலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "லாம்" என்றுதான் சொன்னார்.

மேடைக்குத் திரும்பியதும் உணவறையில் எல்லோரையும் உட்காரவைத்தான். புதுக் கூட்டை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னான். பேச்சில் அலங்காரம் எதுவும் இல்லை. "நம்ம நெழலு எல்லாம் சின்னப் பயலுவ. நாம கெழவனுவ. அவனுவளக் கேட்டுட்டு நாம குடிக்கோம்" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் தன் வீங்கிய கணுக்காலை மேசைக்கடியில் இழுத்துக்கொண்டான். புரிந்துவிட்டது என்று இஸ்தாக்கி நினைத்தான்.

புரியத்தான் செய்தது. மஞ்சள் விளக்கைப் பார்த்த பிறகு மறுவிதைப்புக்குப் போக எவனுக்கும் தைரியம் வரவில்லை. சிலருடைய பழைய கூடுகள் வயதாகிப் பழுதடையத் தொடங்கியிருந்தன. அவர்கள் இஸ்தாக்கியின் பெட்டியையே பார்த்தார்கள். இன்னும் பச்சையாக எரிகிற ரெமியின் கூடு அதில்தான் இருந்தது.

அன்றைக்கே அதைக் கடலில் எறிந்தான். கூடு மூழ்கவில்லை. அலைமேல் பச்சையாக மினுங்கிக்கொண்டு போனது, ரெமி எங்கோ போய்க்கொண்டிருப்பது போல.

மறுநாள் உணவறைக்குள் நுழைந்தபோது அது மாதா படத்துக்குக் கீழே, அலமாரியில் இருந்தது. படகு எடுத்துப் போய்ப் பிடித்துவந்திருந்தார்கள். ஆட்கள் வரிசையாக வந்து அதில் ஒரு சொட்டு விட்டார்கள், நெற்றியில் சிலுவை போட்டார்கள், பச்சை எரிந்ததும் நாக்கை நீட்டினார்கள். செத்தவனின் இளமை வந்த ஒருவனையும் வேண்டாமென்று தடுக்கவில்லை.

இஸ்தாக்கியின் வாயில் எச்சில் ஊறியது. தோள்பைக்குள் கை போய்ப் புதுக் கூட்டைப் பற்றியது. கண்ணாடி வழியாக அந்த இதயம் விரலில் தட்டியது, நின்றது, தட்டியது.

அவனோடு கிரேனில் வேலை செய்கிற கில்பர்ட் எட்டிப் பார்த்தான். மஞ்சள் விளக்கைக் கண்டு உச்சுக் கொட்டினான்.

"ஒம்மதுதாம் அண்ணாச்சி பழுது" என்றான் உண்மையான பரிவோடு. "அதத் தூரப் போடும். வாரும், இதுல விட்டுப் பாரும்."

இஸ்தாக்கி கூட்டை விடாமல் பிடித்துக்கொண்டு வெளியே போய்க் கிரேனின் ஏணியில் ஏறத் தொடங்கினான். சில படிகளுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினான். அவன் நிற்பதைப் பார்த்து, கீழே மிதக்கத் தொடங்கியவர்கள் கை ஆட்டினார்கள்.