கயிற்றின் மறுமுனை

புதுச்சத்திரத்துக்கு மேற்கே அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்கு உண்ணாமலை குடிவந்தபோது கூட வந்தவை ஒரு கறவை மாடு, ஒரு மத்து, மோகன்குமார் என்றொரு லாரி ஓட்டும் கணவன். மூன்றில் மாடுதான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ஆனால் வந்த நாளிலிருந்து வெண்ணெய் திரளவில்லை. விடியலில் அடுப்படித் தூணில் மத்தைக் கட்டிக் கை ஓயக் கடைவாள். பானையில் நுரைதான் மிஞ்சும். மிக்ஸியில் ஊற்றிப் பார்த்தாள். அது கருகல் வாடையோடு உயிரை விட்டது.

"பால்ல சத்தே இல்ல. இந்தச் சந்தையோட மாட்டைப் புடிச்சுக் குடுத்தர்றேன்" என்றான் மோகன்குமார்.

"வித்துப் பாருங்க. அந்தக் கட்டுத்தறியில உங்களைக் கட்டிப்போடறேன்."

சிரித்தபடிதான் சொன்னாள். அன்று முழுக்க மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பக்கத்துத் தோட்டத்துக் காளியாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "முன்னால இந்த ஊட்டுல இருந்த சென்னம்மா கடையறப்ப, ஆரு உள்ள வந்தாலும் கவுத்தை ஒரு இழுப்பு இழுத்துட்டுத்தான் போகோணும். சும்மா நின்னு பாத்தா வெண்ணெ போயிரும்னு சொல்லுவா. மத்துக் கவுத்தைப் புடிச்சபடியேதான் செத்தா, சாமி."

மறுநாள் விடியல். கடையும் சத்தம் மட்டும்.

சளக்... சளக்...

பின்கழுத்தில் ஈரக்காற்று. புளித்த மோர் வாடை.

கதவோரம் யாரோ நின்றார்கள்.

உண்ணாமலைக்கு உள்ளங்கால்வரை வேர்த்தது. ஓடலாம்தான். ஓடினால் மாடு போய்விடும்.

"ஏனுங்க, நீங்க வெச்ச சட்டம் உங்களுக்கு இல்லீங்களா? தெனமும் வந்து சும்மா நின்னா எப்படிங்க திரளும்? புடிங்க கவுத்தை!"

இடக்கையில் பிடித்திருந்த கயிற்று முனையை விட்டுவிட்டாள்.

கயிறு கீழே விழவில்லை.

சளக்.

மறுமுனை தானாக இழுபட்டது. இவள் இழுக்க, அது இழுக்க, வெண்ணெய் கட்டிகட்டியாக மிதந்தது. ஓர் உருண்டையை எடுத்து வெறுங்காற்றில் நீட்டினாள். உள்ளங்கையை எதுவோ சில்லென்று வழித்துக்கொண்டு போனது.

சந்தை நாள் காலை. மாட்டு வியாபாரியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்த மோகன்குமார், பானை நிறைய வெண்ணெயைப் பார்த்து நிலைப்படியைத் தாண்டியதும் நின்றுவிட்டான்.

"சரி, அவரைப் போகச் சொல்லிர்றேன்" என்று திரும்பினான்.

அவன் முகத்துக்கு நேரே கதவு சாத்திக்கொண்டது.

கயிற்றின் மறுமுனை மெல்ல உயர்ந்து, அவன் கையருகே வந்து நின்றது.

"ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போங்க" என்றாள் உண்ணாமலை.

அவளுடைய இரண்டு கைகளும் வெண்ணெய்ப் பானைக்குள் இருந்தன.