ஐந்தாவது கட்டை

வில் தரையைத் தொடவில்லை.

வெர்னா கயிற்றை விட்டுக்கொண்டே இருந்தாள். இருபத்தைந்து அடிக் கயிறு. மரத்தில் அவள் நிற்கும் உயரம் பதினெட்டு அடி. மத்தியானம் ஏறி நின்று இதே கயிற்றால்தான் வில்லை மேலே இழுத்தாள். அப்போது மிச்சக் கயிறு கீழே சருகில் சுருண்டு கிடந்ததை அவளே பார்த்தாள். இப்போது கயிறு முழுக்கப் போய், அதன் நுனி அவள் இடுப்பு வளையத்தில் இழுபட்டு நிற்கிறது. வில் இன்னும் அந்தரத்தில் ஆடிக்கொண்டிருக்கிறது.

"பள்ளத்துல தொங்குதாக்கும்" என்று முணுமுணுத்தாள். மேப்பிள் மரத்தடியில் பள்ளம் எதுவும் இல்லை என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

நவம்பர் முதல் வாரம். மிச்சிகன் வடக்கில் ஐந்து மணிக்கே பொழுது விழுந்துவிடும். ஓடைப் பக்கமிருந்து எழுந்த மூடுபனி, ஊறிப்போன இலையின் வாடையையும் சேற்றின் வாடையையும் சுமந்துகொண்டு, மரங்களின் இடுப்பு வரை ஏறி நின்றது. நெற்றி விளக்கைக் கீழே திருப்பினாள். பாலில் டார்ச் அடித்த மாதிரி வெள்ளையாக ஒளிர்ந்ததே தவிர, ஒன்றும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்ததிலிருந்து ஒரு மான்கூட வரவில்லை. மானை விடுங்கள், அணில்கூட இல்லை. இந்தக் காட்டில் அணில் இல்லாத மத்தியானம் என்று ஒன்று உண்டா?

மத்தியானம் வண்டியிலிருந்து இறங்கும்போதே கொழுந்தன் ஆர்விட் ஆரம்பித்துவிட்டான்.

"என்ன அண்ணி, இத்தனை கயிறா? மரத்தையே கல்யாணம் பண்ணிக்கப் போறீங்களா?"

"உங்கண்ணனைக் கட்டிக்கிட்டதுக்கு இது எவ்வளவோ மேல்டா. இது குறட்டை விடாது."

சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓடைக்கு அந்தப் பக்கம் தன் மரத்தைப் பார்த்துப் போய்விட்டான். அவன் அண்ணன் வெண்டலைப் பற்றிய பேச்சு எல்லாமே இப்போது அப்படித்தான் முடிகிறது.

அவள் இடுப்பில் மாட்டியிருப்பதற்குச் சேணம் என்று பெயர்தான். குதிரையும் கிடையாது, ஒன்றும் கிடையாது. இடுப்பையும் தொடையையும் சுற்றிய ஒரு முரட்டுப் பட்டை. அதை மரத்தோடு பிணைக்க இரண்டு கயிறு. தலைக்கு மேல் கட்டிய தலைக்கயிற்றில் தொங்கியபடி உட்காரலாம். ஏறி இறங்கும்போது மரத்தைச் சுற்றிப் போடுவது இடுப்புக்கயிறு. ஒன்றைக் கழற்றுவதற்கு முன் மற்றதை மாட்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு ஒரு கெத்து உண்டு. இறங்கும்போது கடைசி ஏறுகட்டைக்கு வந்ததும், இனி என்ன, நாலடிதானே என்று கயிற்றைக் கழற்றிவிட்டுக் குதித்துவிடுவார்கள். போன வருஷம் வெண்டல் அப்படித்தான் குதித்தான். பனி படிந்த வேர். முதுகெலும்பு. அன்றிலிருந்து காலையில் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், ராத்திரி நாற்காலியிலிருந்து படுக்கைக்கும் அவனைத் தூக்குவது வெர்னாதான். இவளும் விழுந்தால் அவனைத் தூக்க ஒரு நாதி கிடையாது.

வேட்டைச் சாமான்களை விற்றுவிடு என்று சர்ச்சில் பெண்கள் அத்தனை பேரும் சொன்னார்கள். "வித்துட்டு? ஒரு மரத்துக்குப் பயந்துக்கிட்டு வீட்டுல உக்காரணுமா?" என்று கேட்டாள்.

இடுப்புக்கயிற்றை மரத்தைச் சுற்றி எடுத்து மாட்டினாள். கொக்கியின் பூட்டைத் திருகி மூடினாள். இழுத்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் தலைக்கயிற்றை அவிழ்த்தாள். நின்றிருந்த பலகையைக் கழற்றி முதுகில் போட்டுக்கொண்டாள். மரத்தோடு கட்டிய இரும்பு ஏறுகட்டைகள் மொத்தம் நான்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு படி. இறங்க இறங்க, மேலே இருப்பதை அவிழ்த்து இடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். நான்காவது வந்தது. மூன்றாவது. இரண்டாவது. மூன்று கட்டைகளும் இடுப்பில் ஒன்றோடொன்று உரசிக் கிணுங்கின. காலடியில் இருப்பது முதல் கட்டை. அதற்குக் கீழே மண்.

வலது காலை இறக்கினாள்.

இரும்பு.

காலை வெடுக்கென்று மேலே இழுத்துக்கொண்டாள். தப்பாக எண்ணியிருப்போம் என்று இடுப்பைத் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று. காலடியில் ஒன்று. நான்கும் சரி. மறுபடி காலை இறக்கினாள். படி. அதற்கடியில் இன்னொரு படி. குனிந்து கையால் துழாவினாள். கட்டையைக் கட்டியிருந்த கயிறு ஈரமாக, கொழகொழவென்று இருந்தது. முடிச்சு இடது பக்கம். அவள் ஒரு நாளும் இடது பக்கம் முடிச்சுப் போட்டதில்லை.

சட்டைப் பையில் பாதி தின்ற பேஸ்டி, இறைச்சி அடைத்த ரொட்டி, காகிதத்தோடு இருந்தது. எடுத்துக் கீழே போட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். சருகில் விழும் சத்தத்துக்காக. எதுவும் கேட்கவில்லை. இன்னும் காத்திருந்தாள்.

அப்போது பனிக்குள் கீழே ஒரு வெளிச்சம் வந்தது.

"அண்ணி, இன்னும் என்ன பண்றீங்க?"

ஆர்விட்டின் குரல். அப்பாடா என்று மூச்சு வந்தது. கண்ணில் நீரே வந்துவிட்டது.

"டேய், இது என்னடா புதுக் கட்டை? நீ வெச்சியா?"

"கட்டையா? நீங்க தரைக்கு வந்தாச்சு. ரெண்டடிதான். கழட்டிட்டுக் குதிங்க."

"நீ தெரியவே மாட்டேங்குறியே."

"பனி. நான் இங்கதான் நிக்கிறேன். உங்க வில்லுகூட என் கையிலதான் இருக்கு."

வில் தொங்கும் கயிறு வெர்னாவின் இடுப்பை மெல்ல வலப்பக்கம் இழுத்தது. பிறகு இடப்பக்கம். மறுபடி வலப்பக்கம். கீழே ஒரு கனம், யாரும் தொடாமல், தன் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"வில் உன் கையில இருந்தா, என் இடுப்புல தொங்கி ஆடுறது என்னடா?"

வெளிச்சம் அசையவில்லை.

"கழட்டுங்க அண்ணி."

"மாட்டேன்."

"கழட்டு."

அதே குரல்தான். ஆனால் இந்தத் தடவை அது கீழிருந்து வரவில்லை. மரப்பட்டைக்குள்ளிருந்து, அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் வந்தது.

தூரத்தில் ஹாரன். மூன்று தடவை. ஒருத்தர் தாமதமானால் மற்றவர் வண்டியிலிருந்து அடிப்பது என்று பேசி வைத்த ஹாரன். ஆர்விட் வண்டியில் இருக்கிறான். ரோடு கிழக்கே கால் மைல். ஆனால் சத்தம் கிழக்கேயிருந்து வரவில்லை. அவள் காலுக்கடியில், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல, எங்கோ ஆழத்திலிருந்து வந்தது.

வெளிச்சம் அணைந்தது.

பயந்தாள். பொய் சொல்வானேன், பல் கிட்டித்துப்போகும் அளவுக்குப் பயந்தாள். ஆனால் பயத்துக்கு அடியிலேயே கோபமும் பொங்கியது. வெண்டலும் இந்த மாதிரி ஒரு குரலைக் கேட்டுத்தான் குதித்தானா? முப்பது வருஷம் மரமேறியவனை ரெண்டடிதான் என்று நம்ப வைத்தது எது? தலைக்கயிற்றை எடுத்து மரத்தைச் சுற்றிக் கட்டினாள். கொக்கியை மாட்டினாள். பூட்டைத் திருகினாள். இப்போது இரண்டு கயிறு. முழு எடையையும் போட்டு உட்கார்ந்தாள்.

"கேட்டுக்கோ" என்றாள் சத்தமாக. "எனக்கு நாளைக்குக் காலையில அவனைத் தூக்கி உக்கார வைக்கணும். அதுவரைக்கும் இங்கயேதான் இருப்பேன். விடியட்டும். ஆர்விட் ஆளுங்களைக் கூட்டிட்டு வரட்டும். கழட்ட மாட்டேன். உன்னால ஆனதப் பாத்துக்கோ."

ளப்.

கீழே, மரப்பட்டையில் ஈரக் கயிறு அறையும் சத்தம்.

ளப்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இடுப்புக்கயிற்றை ஒரு சுண்டு சுண்டி மேலே ஏற்றுகிற சத்தம். சுண்டு, சாய், ஒரு படி. சுண்டு, சாய், ஒரு படி. யாரோ ஏறுகிறார்கள்.

ளப்.

விளக்கைக் கீழே திருப்பினாள். பனியிலிருந்து ஒரு கயிறு வெளியே வந்தது. கறுத்த, பழைய கயிறு. மரத்தைச் சுற்றியிருந்தது. ஒரு ஆள் சாய்ந்து நின்றால் எப்படி விறைக்குமோ, அப்படி விறைத்து நின்றது. பட்டை நொறுங்கி உதிர்ந்தது. இரண்டு நுனியும் காற்றில் இறுகி நின்றன. நடுவில் இடுப்பு இல்லை. ஆள் இல்லை.

ளப். ஐந்தாவது கட்டை முனகியது.

ளப். அவள் பூட்ஸுக்கு மேலே. முழங்காலுக்கு மேலே. அவள் இடுப்புக்கயிற்றை ஒட்டி வந்து நின்றது.

மூச்சுச் சத்தம்கூட இல்லை.

பிறகு அவள் இடுப்பருகில் ஒரு சின்னச் சத்தம். கிர்ர். கொக்கியின் பூட்டு, தானாக, திறக்கும் பக்கம் திருகியது.

வெர்னா கையுறையைப் பல்லால் கடித்து உருவித் துப்பினாள். வெறும் கையால் பூட்டைப் பிடித்தாள். உலோகத்தின் மேல், அவள் விரல்களுக்கு முன்பே, வேறு விரல்கள் இருந்தன. சில்லென்று, ஈரமாக, பொறுமையாக.

"திருகு" என்றாள். "நானும் திருகுறேன்."

அது ஒரு பக்கம் திருகியது. அவள் மறுபக்கம் திருகினாள். தலைக்கு மேலே இருட்டில், இரண்டாவது கொக்கியின் பூட்டும் கிர்ரென்று சுழலத் தொடங்கியது. இடது கையை உயர்த்தி அதையும் பிடித்தாள். அங்கேயும் விரல்கள் இருந்தன.