கதவின் உட்பக்கம்

"என் அண்ணன் நகத்தைக் கொண்டுவந்து பீர் பாட்டில்ல ஒட்டியிருக்கியே, நீயெல்லாம் மனுஷனா?"

பெர்னடைன் போட்ட கூச்சலில் மதுக்கடையே திரும்பிப் பார்த்தது. நான் முன்பே திரும்பியிருந்தேன். எங்கள் மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை மீன் வறுவலைக்கூட விட்டுக்கொடுப்பேன். பக்கத்து மேஜைச் சண்டையை விடமாட்டேன்.

"மேடம், அது இறைச்சிக் கொக்கி உரசின தழும்புன்னு நினைச்சேன்," என்றான் கிரேடி. கடைப் பலகைக்கும் பாட்டிலுக்கும் எழுத்துரு வடிவமைத்துக் கொடுத்த தாடிக்காரன்.

"கொக்கிக்குக் கட்டைவிரல் உண்டாடா?"

அவன் பாட்டிலைத் திருப்பி வைத்தான்.

இந்தக் கடை ஒருகாலத்தில் புரோகாப் குடும்பத்தின் இறைச்சித் தொழிற்சாலை. பெர்னடைனின் அண்ணன் லெனி அங்கே வேலை பார்த்தான். ஒரு குளிர்காலத்தில் குளிர் அறைக்குள் செத்துக் கிடந்தான். குடித்துவிட்டு உள்ளே போய்த் தூங்கிவிட்டான் என்றார் கிழட்டு முதலாளி. எங்கள் தெருவும் நம்பியது. பெர்னடைன் மட்டும் நாற்பது வருஷமாக, குடிகாரன் தங்கை என்ற பெயரோடு தேவாலயப் பூசைக்குப் போய்வந்தாள்.

இப்போது அந்த முதலாளியின் பேரன் டேல், தொழிற்சாலையை மதுக்கடையாக்கி, அந்தக் குளிர் அறைக் கதவை அலங்காரமாகச் சுவரில் சாத்தி வைத்திருந்தான். கிரேடி அதன் உட்பக்கத்தில் காகிதம் வைத்துக் கறுப்பு மெழுகால் தேய்த்து, விழுந்த கீறல்களையெல்லாம் தன் தடித்த எழுத்துகளுக்குள் பதித்துவிட்டான். விஸ்கிக்காரன், சோப்புக்காரன், முடிதிருத்துகிறவன் எல்லாருக்கும் இப்போது அந்த மாதிரி எழுத்துதான் வேண்டும். நேற்றுப் பிறந்திருக்க வேண்டும், நூறு வருஷம் மூட்டை தூக்கித் தேய்ந்ததுபோல் தெரிய வேண்டும். இணையத்திலும் அமோக விற்பனையாம்.

பெர்னடைன் உணவுப் பட்டியலைப் பிரித்தபோதுதான் பார்த்தாள், பிறகு பாட்டிலிலும். ஒவ்வொரு கறுப்பு எழுத்தின் வயிற்றிலும் கீழ்நோக்கி நான்கு கோடு, பக்கத்தில் குட்டையாக ஒன்று.

தூங்குகிறவன் கதவைப் பிறாண்டமாட்டான்.

"டேல், அந்தக் கதவை எனக்குக் குடு. குடிச்சுட்டுச் செத்தான்னு சொன்ன ஒவ்வொருத்தன் வாசல்லயும் கொண்டுபோய் நிறுத்தறேன்."

"கதவு கடைச் சொத்து, பெர்னி. மீன் ஆறுது பாருங்க. பிராந்தி நம்ம செலவு." சிரித்துக்கொண்டே சொன்னான், கடன்காரன்.

அந்த வாரத்திலேயே கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷும் அடித்துவிட்டான்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெர்னடைன் வந்தாள். நானும்தான், போகாமல் எப்படி? கதவு கண்ணாடியாக மின்னியது. அவள் அதில் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினாள். ஒரு கோடு இல்லை. கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

அப்போதுதான் அந்த நெடி வந்தது. அம்மோனியா. பழைய குளிர் அறைகளின் நெடி. குழாய்களைப் பிடுங்கி எத்தனையோ காலம் ஆகிறது.

கிரேடி மேலே பெயர்ப்பலகையைப் பார்த்தபடி முணுமுணுத்தான். "டேல், இவ்வளவு கீறல் நான் போடலை."

"பெயின்ட் உரியுதுடா."

"ஒரே எழுத்து ரெண்டு தடவை வந்தா ஒரே தழும்புதான் வரணும். கம்ப்யூட்டர் எழுத்து அப்படித்தான். இங்க பாரு, ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை."

கிர்ர்ர்.

பலகைக்குள்ளிருந்து.

கிர்ர்ர்.

இப்போது என் கையிலிருந்த பட்டியலுக்குள்ளிருந்து. கறுப்பு எழுத்துக்குள் வெள்ளைக் கோடொன்று மெதுவாகக் கீழே இறங்கியது. காகிதம் உறைந்த இறைச்சிபோல் சில்லிட்டது. தூக்கி எறிந்தேன்.

பாட்டில்களில். கோப்பைக்கு அடியில் வைக்கும் அட்டைகளில். அந்த எழுத்து இருந்த இடமெல்லாம் பிறாண்டல்.

பெர்னடைன் மட்டும் தன் பட்டியலை மார்போடு அணைத்திருந்தாள். "லெனி அண்ணா," என்று கிசுகிசுத்தாள். "நீ தூங்கலைதானே? எனக்குத் தெரியும்."

எல்லாச் சத்தமும் சட்டென்று நின்றது.

டேல் கட்டியிருந்த சமையல் ஏப்ரனில், நெஞ்சுக்கு நேராக, அதே தடித்த எழுத்தில் கடையின் பெயர்.

அவன் அலறினான். ஏப்ரனைப் பிய்த்தான், சட்டையைப் பிய்த்தான். துணியில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. உள்ளே தோலில் நான்கு கோடு, பக்கத்தில் குட்டையாக ஒன்று. ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போதே இன்னொரு வரிசை கீழே இறங்கியது.

"லெனி குடிக்கலை!" என்று கதறினான் டேல். "தொழிற்சங்கம் சேர்த்தான்னு தாத்தாதான் வெளியில தாழ்ப்பாள் போட்டார்! கொஞ்ச நேரத்துல திறக்கலாம்னு இருந்து மறந்துட்டார்! எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும்!"

"இன்னும் சத்தமா," என்றாள் பெர்னடைன்.

சொன்னான். தொண்டை கிழியச் சொன்னான். மறுநாள் காலைப் பூசைக்குள் தெற்குப் பக்கம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்தப் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

கடை மூடப்பட்டது. கிரேடி அந்த எழுத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டான். வாங்கினவர்களிடமிருந்து யார் பிடுங்குவது? அவன் மினியாபோலிஸுக்குக் குடிபோய் ஒரு பல் டாக்டரைக் கட்டிக்கொண்டான். பெர்னடைன் தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும், மனைவியை இழந்த கிழவரை மணந்தாள், அந்த வயதில்! கேக் நன்றாகவே இருந்தது. டேல் குடும்பத்தோடு அரிசோனா பாலைவனத்துக்குப் போய்விட்டான், குளிரே இல்லாத ஊர் வேண்டுமாம்.

போன வாரம் அவன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. அவன் மனைவி எனக்குத் தூரத்துச் சொந்தம். மெல்லிய, சுத்தமான, கொடிபோன்ற எழுத்து. எதிலும் ஒரு பிசிறு இல்லை. பரவாயில்லை, புத்தி வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே காலி உறையை மேஜையில் வைத்தேன்.

விரலுக்குச் சில்லென்றது. விரித்துப் பார்த்தேன்.

உறையின் உட்பக்கம் முழுக்கப் பிறாண்டியிருந்தது.