குழாயின் அந்த முனை

டம்ளரிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த மூத்தவனின் வலது உள்ளங்கைக்குச் சூடே தெரியவில்லை. மாலையில் வாசல் கேட்டில் காத்திருக்கும் மகளின் கன்னத்தைத் தொடுகிற கை.

குளிரில் மரத்திருக்கும் என்று விட்டுவிட்டான். நிலத்துக்கு அடியில், ஜன்னல் இல்லாத அந்த அறையில், கூரையிலிருந்து தொங்கும் பீப்பாய்க்குத் திரவ நைட்ரஜன் நிரப்புவது அவன் வேலை. குளிரூட்டும் இயந்திரம் பல்லி போல விட்டுவிட்டுச் சத்தமிட, ஈர இரும்பின் வாசனை மூக்கில் ஏறினால் சோப்புப் போட்டுக் குளித்தாலும் போகாது. சுவருக்கு அப்பால் இன்னொரு பீப்பாய். அங்கே அவன் தம்பி. இரண்டையும் ஒரு பருத்த குழாய் இணைத்தது.

பீப்பாய்க்குள் நகத்தளவு சில்லு. அதிலிருக்கும் குவாண்டம் நிலையைக் குழாய் வழியே அந்தப் பக்கத்துச் சில்லுக்கு அனுப்புகிறோம் என்று பொறியாளர் அம்மா சொல்லியிருந்தாள். நகல் எடுக்க முடியாதாம். அங்கே போய்ச் சேர்ந்தால் இங்கே மிச்சம் இருக்காதாம்.

"என் செருப்பு மாதிரி. அண்ணன் கால்ல ஏறிட்டா எனக்கு இல்ல" என்றான் தம்பி. அவளே சிரித்துவிட்டாள்.

அனுப்பும் நேரத்தில் சிவப்பு விளக்கு எரியும்; அப்போது குழாயைத் தொடக் கூடாது. இருவரும் தொட்டார்கள். இவன் இரண்டு தட்டு, பதிலுக்கு அவன் இரண்டு தட்டு, பிறகு ஆளுக்கொரு முனையில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வை வாங்கிக்கொள்வார்கள். நாள் முழுக்க அவ்வளவுதான் பேச்சுத்துணை.

டீ ஆறுவதற்குள் தம்பி வந்து நின்றான். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது.

"சும்மாதாண்ணே உக்காந்திருந்தேன். சூடா டம்ளரப் பிடிச்ச மாதிரி சுட்டுச்சு."

மூத்தவன் தன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டான். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. தம்பிக்குத்தான் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு மூத்தவன் குழாய்ப் பக்கமே போகவில்லை. விளக்கு மட்டும் எரிந்து எரிந்து அணைந்தது. மதியச் சாப்பாட்டில் உப்புத் தெரியவில்லை. இரும்பு வாசனை நின்றுபோனது. நடந்தால் காலுக்குத் தரை தெரியவில்லை. மகளை நினைத்துப் பார்த்தான். முகம் இருந்தது. பெயர்?

மாலையில் தம்பி முன்னே போனான். இவன் கேட்டுக்கு வந்தபோது மகள் ஓடி வந்துகொண்டிருந்தாள். இவனைத் தாண்டி ஓடினாள்.

"அப்பா!"

தம்பி அவளைத் தூக்கிக்கொண்டான். பெயர் சொல்லிக் கொஞ்சினான். மூத்தவனின் குரல் அது.

மூத்தவன் வாயைத் திறந்தான். காற்றுகூட வரவில்லை. இரும்புக் கேட்டைத் தட்டினான். இரண்டு தட்டு.

"யாரோ தட்டுறாங்கப்பா."

தம்பி திரும்பி நேராக இவனைப் பார்த்தான். பதிலுக்குத் தட்டக் கை உயர்ந்தது. பாதியில் நின்றது.

"யாருமில்லம்மா. வா."

இரண்டு தட்டு. மறுபடி இரண்டு. விரல் முட்டியில் தோல் உரிந்து இரும்பில் ஒட்டியது. வலி இல்லை.

தெருக்கோடியில், மகளைத் தோளில் சுமந்தபடி, ஒவ்வொரு தட்டுக்கும் தம்பி கையை உதறிக்கொண்டே போனான்.